அறுபத்தாறில் காகுணித

ஜூன் 8, ஞாயிறு

பெங்களூரில் கன்னடம் கற்க அல்சூரைப் போல மோசமான இடம் கிடையாது. பால்காரர், பூக்காரம்மா, இஸ்திரி போடுபவர் எல்லோரும் தமிழ். கன்னடக்காரர்கள் அதற்கும் ஒரு படி மேல். ‘எஷ்டு?’ என்று நான் விலை கேட்டு வாயை மூடுவதற்குள் “முப்பது ரூபாய் ஸார்” என்று பதில் வந்துவிடுகிறது. சென்னை ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை வெல்டர், அயனாவரத்துக்காரன் என்று முகத்தில் எழுதியிருக்கிறதோ என்னவோ. மகள் வீட்டோடு வந்தாயிற்று. ஊர்ப் பேச்சு புரியாமல் உட்கார்ந்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. மனைவிக்கு அந்தக் கவலையே இல்லை.

ஜூன் 11, புதன்

வகுப்பு, குடியிருப்போர் சங்க அறையில். ஆசிரியை வங்கியில் வேலை பார்க்கும் பெண்; எங்கள் எல்லோருக்கும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’தான். இன்று காகுணித. நம் உயிர்மெய் வரிசையேதான். எழுத்தின் உச்சியில் வரும் ‘டிக்’ போன்ற குறிக்குத் தலகட்டு என்று பெயர். த வரிசையில் நான்கு எழுத்துகள். மூன்றாவதன் அடியில் சின்னக் கோடு இழுத்தால் நான்காவது. அதுகூடச் சமாளிக்கலாம். ஒத்தக்ஷரம்தான் கண்ணைப் பிடுங்குகிறது. ‘அம்ம’ என்று எழுத, நாம் புள்ளி வைத்துப் பக்கத்தில் இன்னொரு ம எழுதுவோம். இவர்கள் இரண்டாவது ம-வை முதல் எழுத்தின் காலடியில் பொடியாகத் தொங்கவிடுகிறார்கள். அது பார்க்க ம மாதிரியும் இருக்காது! வயதானால் மொழி மண்டையில் ஏறாது என்கிறார்கள். மண்டை சரியாகத்தான் இருக்கிறது, கண்ணாடியைத்தான் மாற்ற வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

பால் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, பீர்க்கங்காய் ஹீரேகாயி. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் ப-வில்தான் தொடங்கின, நடுக்கன்னடக் காலத்தில் ஹ ஆயின என்றார் ஆசிரியை. திருச்சிக்காரர் ஒருவர் உற்சாகமாகிப் பருப்புக்கு ‘ஹருப்பு’ என்றார். அது பேளெ.

ஜூலை 2, புதன்

மெஜஸ்டிக் வரை மெட்ரோவில். ‘முந்தின நில்தாண’ என்றால் தாண்டி வந்த நிலையம் அல்ல, வரப்போகும் நிலையம். ட்ரினிட்டி, எம்.ஜி. ரோடு, கப்பன் பார்க், விதான சௌதா என்று ஒவ்வொன்றுக்கும் அந்தக் குரல் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தது. என்னைப் பார்த்ததும் தமிழுக்கு மாறாத ஒரே ஆள் இந்த ஊரில் அதுதான்.

ஜூலை 13, ஞாயிறு

வாசிப்புப் பாடமாகக் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் திரிபதி. மூன்றே அடி, என் வேகத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. 2009 ஆகஸ்டில் அயனாவரத்தில் சிலையாகத் திறக்கப்பட்டவர் இவர்தான். அதற்கு நான்கு நாள் முன்பு அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை திறந்தார்கள். 1991 முதல் பதினெட்டு ஆண்டு மூடியே கிடந்த சிலை. சர்வக்ஞரை அயனாவரத்தில் தினமும் கடந்து போனேன், இங்கே வந்துதான் அவரை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். ஆசிரியையிடம் சொன்னேன். “அப்படியென்றால் மனப்பாடமாக ஒப்பியுங்கள் அங்கிள்” என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

காய்கறிக்காரரிடம் ஒப்பந்தம்: இனி என்னிடம் கன்னடம் மட்டும். “ஆயித்து யஜமான்ரே” என்று சிரித்துவிட்டு, சொன்ன சொல் காப்பாற்றுகிறார். சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. தமிழில் நான் முகம் சுளித்து இரண்டு வார்த்தை சொன்னால் ஐந்து ரூபாய் குறைப்பார். கன்னடத்தில் எனக்கு விலை கேட்கத் தெரியும், பேரம் பேசத் தெரியாது. கொத்தம்பரி சொப்பு, நுக்கேகாயி எல்லாம் சொன்ன விலைக்கே வீட்டுக்கு வந்தன. மனைவி கணக்குப் பார்த்தாள். நாளை முதல் காய்கறி அவள் பொறுப்பாம். எனக்கு இனி முடிதிருத்துபவர்தான் கதி. அவர் இந்திக்காரர்.