தையல்காரருக்கு ஓர் ஓட்டு

மழை மட்டும் பெய்யாமல் இருந்திருந்தால் கிரீன்வில் பக்கமே போயிருக்க மாட்டோம். ஸ்மோக்கி மலையில் நடப்பதாகத் திட்டம். விடிந்தபோது மலையையே காணவில்லை. சரி, கிழக்கு டென்னசியில் ஓர் அமெரிக்க அதிபர் தையல்கடை வைத்திருந்த ஊர் இருக்கிறதாம், அதையாவது பார்ப்போம் என்று காரைத் திருப்பினோம்.

ஆண்ட்ரூ ஜான்சன். லிங்கன் சுடப்பட்டு இறந்ததும் பதவிக்கு வந்த 17-வது அதிபர். அவருடைய கடை இன்று ஒரு செங்கல் கட்டடத்துக்குள் இருக்கிறது. கதவைத் திறந்தால் கூரைக்கு அடியில் இன்னொரு கூரை. பலகைச் சுவரோடு ஒரே ஓர் அறை. மேலே 'ஏ. ஜான்சன், தையல்காரர்' என்று பெயர்ப்பலகை. நாலு பேர் சேர்ந்து நின்றால் துணி வெட்ட இடம் இருக்காது.

1808-இல் வட கரோலினாவின் ராலேயில் பரம ஏழை வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. சிறுவயதிலேயே தையல்காரர் ஒருவரிடம் ஒப்பந்தத் தொழிலாளியாக விடப்பட்டு, 1824-இல் அங்கிருந்து ஓடிப்போனார். பிடித்துத் தருபவருக்கு 10 டாலர் என்று முதலாளி பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார். கிரீன்வில்லுக்கு வந்து 18 வயதில் எலைசாவைக் கல்யாணம் செய்துகொண்டார். எழுத்தும் கணக்கும் அந்த 16 வயது மனைவி சொல்லிக்கொடுத்தது. இவர் தைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்துக்காட்ட ஆளுக்குக் காசு கொடுத்திருக்கிறார். கடை வாசலில் நின்றபோது எனக்கு அவரை ரொம்பவே பிடித்துப்போயிற்று.

தெரு தள்ளி இருக்கும் அவருடைய பெரிய வீட்டில் அந்தப் பிரியம் ஆட்டங்கண்டது. தென் மாநிலங்கள் அமெரிக்காவை விட்டுப் பிரிந்தபோது, செனட்டில், அதாவது நாடாளுமன்ற மேலவையில், பதவியைத் துறக்காமல் நின்ற ஒரே தென்னக உறுப்பினர் அவர். அதற்காக, தொடர்ந்து மூண்ட உள்நாட்டுப் போரின்போது அவர் வீட்டில் தங்கிய தென்னகச் சிப்பாய்கள் சுவரில் கிறுக்கித் தீர்த்திருக்கிறார்கள். அதில் ஒரு பகுதியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் பண்ணை முதலாளிகளை அவ்வளவு வெறுத்தவர், கையில் காசு சேர்ந்ததும் டாலி, சாம் என்று அடிமைகளை விலைக்கு வாங்கினார். 1863-இல் விடுவித்தார் என்பது உண்மை. அதிபரானதும் கறுப்பின மக்களுக்குக் குடியுரிமை தரும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தை மறுத்துத் திருப்பி அனுப்பினார் என்பதும் உண்மை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்த மறுப்பை மீறித்தான் சட்டத்தை நிறைவேற்றியது. ஏழ்மை என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். தன் நிறத்து ஏழைகளோடு அந்தப் பரிவு நின்றுவிட்டது.

ஊர் எல்லைக் குன்றில் கல்லறை. தேசியக் கொடி சுற்றி, தலைக்கு அடியில் அரசியலமைப்புச் சட்டத்தின் பிரதியை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். மழை வலுத்ததால் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டோம்.

1868-இல் செனட்டில் நடந்த பதவிநீக்க விசாரணைக்கான அனுமதிச்சீட்டைப் போலவே ஒன்றை அருங்காட்சியகத்தில் நம் கையில் கொடுக்கிறார்கள். சுற்றிப் பார்த்த பிறகு, ஜான்சன் குற்றவாளியா இல்லையா என்று நாமும் ஓட்டுப் போடலாம். அன்று 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஓர் ஓட்டு குறைந்ததால் பதவி தப்பியது.

எனக்குக் குழப்பம். முக்கியக் குற்றச்சாட்டு, போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனைப் பதவியிலிருந்து நீக்கியது. செனட்டின் சம்மதமில்லாமல் அப்படி நீக்கக் கூடாது என்று, ஜான்சனை மடக்கவே கொண்டுவந்ததுபோன்ற ஒரு சட்டம். பிற்பாடு அதை ரத்தும் செய்துவிட்டார்கள். அதற்காகவா தண்டிப்பது? ஆனால் மனத்தில் டாலியும் அந்த மறுப்பும் நின்றன. 'குற்றவாளி' என்றே போட்டேன்.

மனைவியிடம் கேட்டேன். "ரகசிய வாக்கு" என்றாள். அன்று செனட்டர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்று உரக்கச் சொல்ல வேண்டியிருந்ததே என்றேன். குடையை விரித்துக்கொண்டு காரை நோக்கி நடந்துவிட்டாள்.