அப்பளம் நொறுங்கும்போது கேட்காமல் போகும் சொற்கள்

சாப்பாட்டு மேசையில் யாராவது பேசத் தொடங்கினால் நான் மெல்லுவதை நிறுத்திவிடுவேன். இப்படியொரு பழக்கம் எனக்கு இருப்பதே, நாற்பது வயதைக் கடந்தபின் செவித்திறன் வல்லுநர் ஒருவர் கேட்டபோதுதான் எனக்குத் தெரியவந்தது. “சாப்பிடும்போது மற்றவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்கிறதா?” என்றார் அவர். “மென்றுகொண்டிருந்தால் எப்படிக் கேட்கும்?” என்று நான் திருப்பிக் கேட்டேன். உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்த நாள்களில் எனக்கு இரண்டு காதிலும் சீழ் வடியும். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக விட்டால் சரியாகிவிடும் என்று அம்மா நம்பினார். ஓட்டை விழுந்த செவிப்பறைக்குள் எண்ணெய் விடக்கூடாது என்று அவருக்குச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை. பின்னாளில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. சீழ் குறைந்தது. ஆனால் செவிப்பறைக்கும் உட்செவிக்கும் இடையில் ஒலியைக் கடத்தவேண்டிய சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகளில் பெரும்பகுதி அரித்துப்போயிருந்தது.

அந்த வயதில் நான் அப்பளத்தைத் தொடமாட்டேன். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு டின்னோடு அப்படியே இருக்கும். ரசம் சாதம், இட்லி, நோன்பு மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து பக்கத்து வீட்டார் வாங்கிவந்து தரும் கஞ்சி ஆகியவை என்றால் தட்டைக் காலி செய்துவிடுவேன். பல்லில் பலமில்லை என்றார் அப்பா. பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார் அத்தை. காரணம் பல்லிலும் இல்லை, செல்லத்திலும் இல்லை. முறுக்கைக் கடித்தால் மேசையில் இருந்த அத்தனை பேரும் ஊமையாகிப் போவார்கள் என்பதே காரணம். அதைச் சொல்லத் தெரியாத வயது அது. நானே அதைப் புரிந்துகொண்டிருந்தேனா என்பதும் ஐயமே.

ஒலி உட்செவியை அடைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. காற்றில் வந்து, காதுத்துளைக்குள் நுழைந்து, செவிப்பறையை அதிரவைத்துப் போவது ஒன்று. மண்டையோட்டு எலும்பின் அதிர்வாக நேரே உட்செவியின் நத்தைச்சுருளுக்குப் போய்ச்சேருவது மற்றொன்று. நம் குரலை நாம் இரண்டு வழிகளிலும் கேட்கிறோம். ஒலிப்பதிவில் நம் குரலே அயலார் குரல்போல் இருப்பதற்கு, எலும்பு வழியாக வரும் பங்கு அதில் இல்லாமற்போவதே காரணம். மெல்லும் ஓசையும் அப்படித்தான்: பல்லும் தாடையும் மண்டையோட்டோடு சேர்ந்தவை. எனக்கு முதல் வழி பழுதாகி, இரண்டாம் வழி சிறிதும் குறையாமல் இருந்தது. எனவே வெளியுலகம் தாழ்ந்த குரலில் பேசியது, என் வாய் மட்டும் உரக்கப் பேசியது. இதை நம்பாதவர்கள் இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பார்க்கலாம். எனக்குக் கேட்டது ஏறக்குறைய அவர்களுக்கும் கேட்கும்.

மொறுமொறுப்பு என்பதே பாதி காதின் வேலை என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். மாசிமிலியானோ சாம்பினியும் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், உருளைக்கிழங்கு வறுவலைக் கடிப்பவர்களுக்கு அவர்கள் கடிக்கும் ஓசையையே ஒலிவாங்கி வழியாக எடுத்துச் செவிப்பொறியில் கேட்கச் செய்தார்கள். ஓசையின் உயர் அதிர்வெண்களைக் கூட்டியபோது வறுவல் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். குறைத்தபோது நமத்துப்போனதாகத் தோன்றியது. வறுவல் மாறவேயில்லை. அந்த ஆய்வுக்கு 2008 இல் இக் நோபெல் என்னும் வேடிக்கைப் பரிசு கிடைத்தது. எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. காற்றுவழி வரும் கூர்மையான ‘நொறுக்’ எனக்குக் குறைந்து, எலும்பின் ‘கடகட’ மட்டும் மிஞ்சியிருந்ததால், மற்றவர்கள் விரும்பிய அந்த முறுக்கை நான் உண்மையில் சுவைத்ததே இல்லை போலும்.

என் செவித்திறனைச் சோதித்தவர் முதலில் எடுத்தது ஓர் இசைக்கவை. அதைத் தட்டிக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்தார். பிறகு காதுக்கு முன்னே பிடித்தார். காது நலமாக உள்ளவர்களுக்குக் காற்றில் வரும் ஒலியே கூடுதலாகக் கேட்கும். எனக்கோ எலும்பில் வைத்தபோது நன்றாகக் கேட்டது, முன்னே பிடித்தபோது ஒன்றுமில்லை. ஜெர்மானிய மருத்துவர் ரின்னே 1855 இல் விளக்கிய சோதனை இது. கணினிகளும் ஒலியடைத்த அறைகளும் வந்த பிறகும் கைவிடப்படவில்லை. உட்செவி நன்றாக இருக்கிறது, பாதைதான் அடைபட்டிருக்கிறது என்பதை அரை நிமிடத்தில் அது சொல்லிவிட்டது.

அப்படியானால் வழக்கமான செவிக்கருவி போதுமே என்று கேட்கலாம். போட்டுப் பார்த்தேன். காதுத்துளையை அடைக்கும் அச்சு உள்ளே காற்றோட்டத்தைத் தடுத்தது; சிங்கப்பூரின் புழுக்கமும் சேர்ந்துகொள்ள, ஓய்ந்திருந்த சீழ் இரண்டே வாரத்தில் திரும்பிவந்தது. காதைத் தொடாமலே கேட்கவைக்கும் ஒரு வழி எனக்குத் தேவைப்பட்டது.

அந்த வழியின் கதை ஒரு முயலிலிருந்து தொடங்குகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க், எலும்புக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்ப்பதற்காக 1952 இல் முயலின் கால் எலும்பில் டைட்டேனியத்தால் ஆன சிறிய கூடு ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்து, விலை உயர்ந்த அந்தக் கூட்டைக் கழற்ற முயன்றபோது அது வரவில்லை. எலும்பு அந்த உலோகத்தோடு ஒன்றாகப் பிணைந்திருந்தது. வேறொருவராக இருந்தால் கூடு வீணாயிற்றே என்று நொந்துகொண்டிருப்பார். அவர் அதைப் பற்களுக்குப் பயன்படுத்தினார்: 1965 இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டேனியத் திருகுகள் பொருத்தப்பட்டன. அப்படிப் பல் கட்டியவர்களின் திருகில் அதிர்வுக் கருவியை வைத்துச் சோதித்தபோது ஒலி அவர்களுக்கு மிக உரக்கக் கேட்டது. பல்லில் வைத்தால் கேட்கும் என்றால் காதுக்குப் பின்னால் வைத்தால் என்ன? கோத்தன்பர்க் நகரில் 1977 இல் ஆண்டர்ஸ் செல்ஸ்ட்ரோம் முதல் மூன்று நோயாளிகளுக்கு அத்தகைய திருகைப் பொருத்தினார். அதில் மாட்டும் கருவியை உருவாக்கியதில் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பூ ஹோகன்சனுக்குப் பெரும்பங்கு உண்டு. மெல்லுவதற்காகச் செய்த திருகு கேட்பதற்கும் வழிவிட்டது என்பது, மெல்லும்போது கேளாதிருந்த எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்த செய்தி.

எனக்குப் பொருத்திய திருகின் நீளம் 4 மில்லிமீட்டர். எலும்போடு அது ஒன்றுவதற்குச் சில வாரங்கள் காத்திருந்தோம். அதன் மேலுள்ள சிறு தண்டு தோலைத் துளைத்து வெளியே நிற்கும். வெளியொலியை வாங்கி அதிர்வாக மாற்றி எலும்புக்குத் தரும் ஒலிச்செயலியை அதில் சொடுக்கி மாட்டிக்கொள்ளவேண்டும். தண்டைச் சுற்றி நாள்தோறும் மென்மையான தூரிகையால் துடைக்காவிட்டால் தோல் சிவந்து புண்ணாகும். தலைக்கு எண்ணெய் தேய்க்கும் நம்மவர் வழக்கம் இதற்குச் சற்றும் ஒத்துவராது. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத் தேய்க்கப் பழகிக்கொண்டேன். தோலுக்கு வெளியே எதுவும் நீட்டாமல் காந்தத்தால் பிடித்துக்கொள்ளும் வகைகளும் இப்போது உள்ளன. அவற்றில் தோல் சிக்கல் குறைவு. ஆனால் உள்ளே காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது கவனம் தேவை. அதிர்வைத் தோலுக்கு மேலிருந்தே கொடுக்கும் வகையில் ஒலியின் ஒரு பகுதி தோலிலேயே அடங்கிவிடுகிறது. எனக்குத் தண்டே போதும்.

குழந்தைகளுக்கு நிலைமை வேறு. அவர்களுடைய மண்டையோடு மெல்லியது, திருகைத் தாங்காது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 5 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கே 1999 இல் இதை அனுமதித்தது. அந்த வயது வரும்வரை நெகிழ்பட்டையில் கருவியைக் கோத்துத் தலையைச் சுற்றி அணிவிக்கிறார்கள். எங்கள் புளோக்கில் காதுத்துளை இல்லாமல் பிறந்த மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஊதாநிறப் பட்டையோடு மின்தூக்கியில் வருவாள். “ஆன்ட்டி, இவள் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பட்டையைப் பிடுங்கி எறிகிறாள், இல்லாவிட்டால் சாப்பிடவே மாட்டேன் என்கிறாள்,” என்று அவளுடைய தாய் ஒருநாள் வருத்தப்பட்டார்.

பிள்ளை ஓர் உணவை ஒதுக்கினால் விட்டுவிடாமல் எட்டு, பத்து, பதினைந்து முறைகூடச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கவேண்டும் என்று குழந்தை உணவைப்பற்றி ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் எத்தனை முறை என்று எண்ணத் தொடங்குமுன், அந்த வாய்க்குள் என்ன ஓசை கேட்கிறது என்று ஒருமுறையாவது கேட்டிருக்கவேண்டும் என்பது என் கட்சி. அந்தத் தாயிடம் நான் கேட்டது, அவள் எங்கே அமர்ந்து சாப்பிடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்பதைத்தான். கீழே உணவங்காடி நிலையத்தில், கோழி வறுவல். தட்டுகள் மோதும் ஒலி, நாற்காலி இழுபடும் ஒலி, சட்டியைக் கரண்டி தட்டும் ஒலி ஆகிய அனைத்தையும் ஒலிச்செயலி ஒன்றாக அள்ளிக்கொண்டுவந்து கொட்டும். அதன்மேல் வறுவல் வேறு. எனக்கே அங்கே அரைமணி நேரத்தில் தலை வலிக்கும். வீட்டில், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மென்மையான உணவோடு பட்டையைப் போட்டுப் பார்க்குமாறும், அடுத்த பரிசோதனையில் செவித்திறன் வல்லுநரிடம் இதை மறக்காமல் சொல்லுமாறும் கூறினேன். இரண்டு மாதம் கழித்து மின்தூக்கியில் பார்த்தபோது சிறுமி பட்டையோடு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். வறுவலுக்கு இன்னும் பட்டை கழன்றுவிடுகிறதாம். கழலட்டுமே.

இப்போது மேசையில் பேசிக்கொண்டே என்னால் சாப்பிட முடிகிறது. தாடை இன்னும் சில நேரம் தானாக நின்றுவிடுகிறது, “என்ன அத்தை, கல்லா?” என்று அண்ணன் மகன் கேட்பான். இரவில் எல்லாரும் தூங்கியபின், கருவியைக் கழற்றி உலர்த்தும் பெட்டியில் வைத்துவிட்டு, டின்னைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொள்வதுண்டு. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலும் விரைவுச்சாலையில் ஓடும் லாரிகளின் ஓசையும் போய்விடும். அந்தக் கடகடவென்ற ஓசை மட்டும் மண்டை முழுதும் நிறையும். அவசரமில்லாமல் மென்று முடிப்பேன்.