படிவத்தில் இடமில்லாத பதில்கள்

வார்சாவில் பழைய கருத்துக்கணிப்பு அட்டவணைகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் போலிஷ் மொழி தட்டுத்தடுமாறித்தான் வரும். எண்களைத் தட்டுவதற்கு அது போதும் என்று சொல்லிவிட்டார்கள். பழுப்பேறிய கார்பன் நகல்கள், தொட்டால் விரலில் மை ஒட்டும். பெரும்பாலானவை கட்சிக்காரர்கள், அதிகாரிகள் மேசைகளைத் தாண்டி வெளியே போகாதவை.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் கருத்துக்கணிப்பா என்று ஊரில் நண்பர்கள் கேலி செய்தார்கள். நடந்தது. 1956 அக்டோபரில் கோமுல்கா கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்கு வந்து கெடுபிடி தளர்ந்தபின், 1958-இல் போலந்து வானொலிக்குள் ஓபோப் என்ற கருத்துக்கணிப்பு மையம் தொடங்கியது. 1982-இல், இராணுவச் சட்டம் நடப்பில் இருந்தபோதே, செபோஸ் என்ற இன்னொன்று வந்தது. அதன் தலைவர் ஒரு கர்னல். கர்னலின் ஆள் கதவைத் தட்டி அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால் யார்தான் வாயைத் திறப்பார்கள்?

எங்கள் பிரிவில் எண்பதுகளில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்ட மூத்த பெண்மணி ஒருவர் இருந்தார். வெளிநாட்டு விவகாரக் கேள்வி வந்தால் பலர் நாளிதழின் வரியை அப்படியே ஒப்பிப்பார்களாம். “பேனாவை மூடியதும் வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். நிஜமான பதில் அங்கேதான் கிடைக்கும். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை” என்றார். அன்றிலிருந்து எந்த அட்டவணை வந்தாலும் ‘சொல்வது கடினம்’ என்ற பத்தியைத்தான் முதலில் பார்ப்பேன்.

அதற்காக எல்லாப் பதிலும் பொய் என்று தள்ளுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. மேற்கு ஜெர்மனி மீதான அச்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓடர், நைசே ஆறுகளை ஒட்டிய கோடு போலந்துக்கும் ஜெர்மனிக்கும் எல்லையானது. ஜெர்மானியர் விட்டுப்போன வீடுகளில் போலந்துக்காரர்கள் இலட்சக்கணக்கில் குடியேறினார்கள். அந்த எல்லையை ஏற்க மேற்கு ஜெர்மனியின் பான் அரசு 1970 டிசம்பர் வரை முன்வரவில்லை. பழைய உரிமையாளர் திரும்பி வருவாரோ என்று ஓட்டைக் கூரையைக்கூட மாற்றாமல் குடியிருந்தவர்கள் உண்டு. 1965-இல் போலந்தின் கத்தோலிக்க ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு ‘மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம்’ என்று எழுதியபோது கட்சி எரிந்து விழுந்தது. கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்கள் பலருக்கும் அது பிடிக்கவில்லை. இங்கே கட்சியும் மக்களும் ஒரே பக்கம்.

மாஸ்கோ குறுக்கே வந்தால் கணக்கு மாறிவிடும். 1967-இல் இஸ்ரேலுக்கும் மாஸ்கோ ஆதரித்த அரபு நாடுகளுக்கும் ஆறு நாள் போர் நடந்தபோது வார்சா அரசு இஸ்ரேலுடன் உறவை முறித்துக்கொண்டது. தெருவில் உலவிய நக்கலோ வேறு: நம்ம யூதர்கள் சோவியத்காரனின் அரபுகளை உதைத்துவிட்டார்கள்! இதை யூதர் மீதான பாசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது மாஸ்கோ மீதிருந்த கடுப்பு. அடுத்த ஆண்டே கட்சி யூத எதிர்ப்புப் பிரச்சாரத்தில் இறங்கி ஆயிரக்கணக்கானோரை நாட்டைவிட்டு விரட்டியது, தடுத்தவர்கள் அதிகமில்லை. எந்த அட்டவணையில் போட்டு இதைக் கூட்டிக் கழிப்பது?

இராணுவச் சட்டம் வந்தபின் இன்னல்களுக்கெல்லாம் வாஷிங்டனின் பொருளாதாரத் தடைகளே காரணம் என்று தொலைக்காட்சி தினமும் பாடியது. நம்பினார்களா என்று கேட்கப் படிவமே தேவைப்படவில்லை. 1982 பிப்ரவரியில் ஷ்விட்னிக் என்ற சிறு நகரத்தில், மாலை ஏழரைச் செய்தி தொடங்கியதும் மக்கள் வீட்டைவிட்டு இறங்கி உலாவப் போனார்கள். சிலர் தொலைக்காட்சிப் பெட்டியைத் தெருவைப் பார்த்தபடி ஜன்னலில் வைத்தார்கள். சிலர் குழந்தை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டே போனார்கள். அதிகாரிகள் ஊரடங்கை ஏழு மணிக்கே கொண்டுவந்தார்கள். ஊர் அலட்டிக்கொள்ளவில்லை, ஐந்து மணிச் செய்தி நேரத்துக்கு உலாவலை மாற்றிக்கொண்டது.