1 கிகா லைன்ல 1 எம்பி ஸ்பீடு: லினக்ஸ் டிசிபிய நோண்டின கதை

மும்பைல ஒரு சர்வர், அமெரிக்கா வர்ஜீனியால ஒரு சர்வர், ராத்திரி ஆனா இங்கேர்ந்து அங்க பேக்கப் போகணும். ரெண்டு பக்கமும் 1 ஜிபிபிஎஸ் லைன்தான், ஆனா செகண்டுக்கு 1 எம்பிக்கு மேல ஏறவே மாட்டேங்குது, விடிஞ்சு ஆபீஸ் ஆளுங்க வேலைய ஆரம்பிச்சப்புறமும் முந்தின நாள் பேக்கப் ஓடிட்டே இருக்கும். லைன் குடுக்குறவங்க ஒரு கிராஃப அனுப்பி "எங்க சைடு கிளீன் சார்"னு டிக்கெட்ட மூடிட்டாங்க. அது உண்மைதான், லைன் கிளீன்தான்.

பிங் போட்டா போய் திரும்ப 200 மில்லிசெகண்ட் ஆகுது. இத வச்சே பாதி கதை புரிஞ்சிடும். 1 கிகாபிட்னா செகண்டுக்கு 125 எம்பி, 0.2 செகண்டுக்கு 25 எம்பி. அதாவது லைன் ஃபுல்லா ஓடணும்னா அக்நாலெட்ஜ்மென்ட் (வந்து சேந்துடுச்சுன்னு அந்தப்பக்கம் அனுப்புற பதில்) வராத டேட்டா எந்நேரமும் 25 எம்பி வழியில இருக்கணும். குழாய் எவ்ளோ பெருசா இருந்தா என்ன, குடம் சின்னதுன்னா ஊத்திட்டு திரும்பி வர நேரம்தான் கணக்கு. டேட்டாவ பாக்கெட் பாக்கெட்டா அனுப்பி வாங்குற விதிமுறைதான் டிசிபி, ஆதி டிசிபில இந்த குடம், அதாவது விண்டோ, அதிகபட்சம் 64 கேபி, 1992ல விண்டோ ஸ்கேலிங் ஆப்ஷன் வந்தப்புறம்தான் அது 1 ஜிபி வரைக்கும் போக வழி கிடைச்சுது. ஆப்ஷன் இருக்குங்கறதுக்காக கெர்னல் (லினக்ஸோட உள்கரு) அவ்ளோ பெரிய குடத்த தானா குடுத்துடாது.

நெட்ல தேடினா "லினக்ஸ் டிசிபி டியூனிங்"னு நாப்பது வரி சிஸ்சிடிஎல் (கெர்னல் செட்டிங்) லிஸ்ட் ஒண்ணு எல்லா எடத்துலயும் கிடைக்கும், தயவு செஞ்சு அத அப்படியே பேஸ்ட் பண்ணிடாதீங்க. அதுல இன்னும் டிசிபி டிடபிள்யூ ரீசைக்கிள்ங்கற செட்டிங் இருக்கும், நேட்டுக்கு (பல மெஷின் ஒரே ஐபி அட்ரஸ பகிர்ற ஏற்பாடு) பின்னாடி இருக்கறவங்க கனெக்ஷன கெடுக்குதுன்னு அத 4.12 கெர்னல்லயே தூக்கிட்டாங்க. டிசிபி மெம்ங்கற மொத்த மெமரி வரம்புல பைட் கணக்குல பெரிய நம்பர் போட்டிருப்பாங்க, அதோட யூனிட் பேஜ், ஒரு பேஜ் 4 கேபி, அப்ப எவ்ளோ மெமரி ஆகுதுன்னு நீங்களே பெருக்கி பாத்துக்கோங்க.

நான் நம்பினது, ஓடுற கனெக்ஷன்களோட நிலவரத்த காட்டுற எஸ்எஸ் கமாண்ட. அனுப்புற சைடுல டி, ஐ ரெண்டு ஆப்ஷனையும் சேத்து ஓட்டினா ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் கெர்னலே யாரு லேட் பண்றதுன்னு சொல்லிடும். எனக்கு "ஆர்விண்ட் லிமிடெட்" கிட்டத்தட்ட 100 சதவீதம்னு காட்டுச்சு. வாங்குற சைடு எடம் குடுக்கல, அனுப்புற சைடு சும்மா நிக்குது, அவ்ளோதான் அர்த்தம்.

சரின்னு வர்ஜீனியா மெஷின்ல எம் ஆப்ஷனோட பாத்தா ரிசீவ் பஃபர் (வர்ற டேட்டாவ வைக்கற மெமரி) 425984 பைட்ல அசையாம நிக்குது. இந்த நம்பர எங்க பாத்தாலும் உஷாராயிடுங்க, இதுல பாதி 212992, அது எங்க கெர்னல்ல நெட் கோர் ஆர்மெம் மேக்ஸோட (ஒரு புரோகிராம் கேக்கக்கூடிய ரிசீவ் பஃபர் உச்சவரம்பு) டிஃபால்ட். புரோகிராம் கெர்னல்கிட்ட என்ன கேக்குதுன்னு காட்டுற எஸ்ட்ரேஸ் போட்டேன், பேக்கப் சாஃப்ட்வேர் செட்சாக்ஆப்ட்ல 1 எம்பி ரிசீவ் பஃபர் கேக்குது, கான்ஃபிக் ஃபைல்ல யாரோ எப்பவோ "பெர்ஃபார்மன்ஸுக்காக"ன்னு கமென்ட் வேற எழுதி போட்டு வச்ச வரி. கெர்னல் அத 212992க்கு குறைச்சு, தன் சொந்த செலவுக்காக டபுள் பண்ணி, அதோட அந்த சாக்கெட்டுக்கு (கனெக்ஷனுக்கு) பஃபர தேவைக்கேத்தபடி தானா பெருசாக்குற ஆட்டோடியூனிங்கையும் நிறுத்திடும். எரர் ஒண்ணும் வராது. சுமார் 208 கேபிய 0.2ஆல வகுத்தா செகண்டுக்கு 1 எம்பி, நாங்க தினம் பாத்த அதே ஸ்பீடு!

அந்த வரிய எடுத்ததும் 15 எம்பி வந்துச்சு. எங்க கெர்னல்ல டிசிபி ஆர்மெம்ல (ஆட்டோடியூனிங்கோட ரிசீவ் பஃபர் செட்டிங்) மூணாவது நம்பர், அதாவது உச்சவரம்பு, டிஃபால்ட்டா 6 எம்பி, அதுல பாதிதான் விண்டோவா போகும், 3 எம்பி, கணக்கு சரியா ஒக்காருது. அத 64 எம்பி ஆக்கினேன். விண்டோ ஸ்கேல், கனெக்ஷன தொடங்குற சின் பாக்கெட்லயே முடிவாயிடும்ங்கறதால பழைய கனெக்ஷன மூடிட்டு திரும்ப தொறக்கணும். இப்ப எஸ்எஸ்ல "எஸ்என்ட்பஃப் லிமிடெட்"னு அடுத்த ஆள் தலைய காட்டினான், அனுப்புற சைடு பஃபர் பத்தலன்னு அர்த்தம். மும்பை சைடு டிசிபி டபிள்யூமெம் 4 எம்பி, அதையும் 64 ஆக்கினேன்.

இதுக்கப்புறம் வந்ததுதான் நெஜமான தலைவலி. ஆரம்பத்துல நல்லா ஏறும், எங்கயோ கடல் தாண்டி ஒரு பாக்கெட் தொலையும், லினக்ஸோட டிஃபால்ட் வேகக்கட்டுப்பாட்டு முறையான க்யூபிக் உடனே கன்ஜெஷன் விண்டோவ (நெரிசலுக்கேத்த மாதிரி அனுப்புற சைடு தானே வச்சுக்கற வரம்பு) 30 சதவீதம் வெட்டும், 200 மில்லிசெகண்ட் தூரத்துல அது பழையபடி ஏறுறதுக்குள்ள இன்னொண்ணு தொலையும். க்யூபிக்க குத்தம் சொல்ல முடியாது. 1986ல பெர்க்லில சில நூறு கெஜம் தள்ளி இருந்த ரெண்டு எடத்துக்கு நடுவுல 32 கிலோபிட் ஓடின லிங்க் 40 பிட்டுக்கு விழுந்துச்சு, அதுக்கு மருந்தாதான் வான் ஜேக்கப்ஸன் கன்ஜெஷன் கன்ட்ரோல் கொண்டு வந்தாரு, அன்னிலேர்ந்து லாஸ்னா நெரிசல்னுதான் டிசிபி நினைக்கும். அதே ஜேக்கப்ஸனும் சேந்து கூகுள்ல பண்ணினது பிபிஆர், 2016 கடைசில 4.9 கெர்னல்ல வந்துச்சு. அது லாஸ பெருசா கண்டுக்காம பேண்ட்விட்த்தையும் குறைஞ்சபட்ச ஆர்டிடியையும் (போய் திரும்ப ஆகுற நேரம்) அளந்து அதுக்கேத்த வேகத்துல அனுப்பும். அனுப்புற சைடுல மட்டும் மாத்தினா போதும்.

ப்ரொடக்‌ஷன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி விஎம்ல (வர்ச்சுவல் மெஷின்) செயற்கையா டிலே உண்டாக்குற நெட்எம் வச்சு 200 மில்லிசெகண்ட் டிலே போட்டு டெஸ்ட் பண்ணினேன். இங்க ரெண்டு விஷயம். நெட்எம்ல க்யூ லிமிட் டிஃபால்ட்டா 1000 பாக்கெட், நமக்கு வழியில இருக்க வேண்டியதே 16000க்கு மேல, ஏத்தலேன்னா நெட்எம்மே பாக்கெட்ட தள்ளிவிட்டுட்டு லாஸ்னு காட்டும். அப்புறம் கெர்னல் பழைய கனெக்ஷனோட டிசிபி மெட்ரிக்ஸ (முன்ன அளந்த கணக்க) ஞாபகம் வச்சிருக்கும், ஒரு மோசமான ரன்னுக்கப்புறம் அடுத்த ரன்னும் மந்தமாவே ஆரம்பிக்கும், அதனால ஒவ்வொரு தடவையும் ஃப்ளஷ் பண்ணிட்டு ஓட்டுங்க.

ப்ரொடக்‌ஷன்ல பிபிஆர சர்வர் முழுக்க போடல. முதல் வெர்ஷன் பிபிஆர் சின்ன பஃபர் இருக்க எடத்துல ரீட்ரான்ஸ்மிட்ட (தொலைஞ்ச பாக்கெட்ட திரும்ப அனுப்பறத) ஏத்தும், பக்கத்துல ஓடுற க்யூபிக் கனெக்ஷன நசுக்கும்னு நிறைய பேரு அளந்தே சொல்லியிருக்காங்க. ஐபி ரூட் கமாண்ட்ல காங்சிடிஎல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, வர்ஜீனியா போற ரூட்டுக்கு மட்டும் பிபிஆர், மத்ததெல்லாம் க்யூபிக்கே. இப்ப 85 எம்பி வரைக்கும் போகுது, ரீட்ரான்ஸ்மிட் முன்னவிட கொஞ்சம் கூடத்தான், பரவால்ல. சில ராத்திரி திரும்ப ஆர்விண்ட் லிமிடெட் காட்டும், பாத்தா அந்தப்பக்கம் டிஸ்க் எழுதி முடிக்கல, அதுக்கு டிசிபி என்ன பண்ணும்.

இதே கேஸ்ல எஸ்எஸ்ஹெச் (என்கிரிப்ட் பண்ணின கனெக்ஷன்) மேல ஆர்சிங்க் (ஃபைல் காப்பி பண்ற டூல்) ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு, ஓபன்எஸ்எஸ்ஹெச்சுக்குன்னு தனியா ஒரு விண்டோ இருக்கு, சுமார் 2 எம்பி. கெர்னல்ல 64 எம்பி குடுத்தாலும் 200 மில்லிசெகண்ட்ல 10 எம்பிக்கு மேல நகராது. பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் சென்டர்காரங்க பண்ற ஹெச்பிஎன் எஸ்எஸ்ஹெச் போடுங்க, இல்லேன்னா ஃபோல்டர பிரிச்சு நாலஞ்சு ஆர்சிங்க ஒரே நேரத்துல ஓட விடுங்க.