தொலுயீன் என்று எழுதிய பிறகு

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மதிலுக்கு அப்பால் வாகனங்களுக்கு வர்ணம் பூசும் கராஜ் ஒன்று இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் அங்கே ஸ்ப்ரே வேலை தொடங்கும். வர்ணத்தை இளக்கும் தின்னரின் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தவழ்ந்து வரும். நடமாடும் எனக்குத் தெரியுமுன்பே பாயில் படுத்திருக்கும் அம்மா தலையைப் பிடித்துக்கொள்வார்.

முதல் முறைப்பாட்டில் "தாங்க முடியாத வாடை" என்று எழுதினேன். பரிசோதகர் காலை பத்து மணிக்கு வந்தார். அந்த நேரம் எந்த வாடையும் இல்லை. வந்த வேகத்திலேயே போய்விட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பின் மகளின் பழைய கொப்பியில் திகதி, நேரம், காற்று வந்த திசை, அம்மாவின் தலைவலி என்று இருபத்தொரு நாட்கள் குறித்தேன். மதிலோரம் கிடந்த வெற்றுத் தின்னர் டின்னின் லேபிளைப் படம் எடுத்தேன்: தொலுயீன், சைலீன். ஆவியாகி வருபவை இந்தக் கரைப்பான்கள்தான்.

சட்டத்தைத் தேடிப் படித்தபோது திகைத்துப்போனேன். வெளிக்காற்றின் தரம் பற்றிய ஒழுங்குவிதிகளின் 2008 திருத்தத்தில் வரம்பு உள்ளவை ஆறு மாசுகளே: இரு வகை நுண்துகள்கள், நைதரசன் ஈரொட்சைட்டு, கந்தக ஈரொட்சைட்டு, ஓசோன், காபன் ஓரொட்சைட்டு. தொலுயீன் அதில் இல்லை. ஆனால் ஸ்ப்ரே செய்யும் கராஜுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அதன் பிரதியைக் கேட்டேன். தமிழிலேயே எழுதிக் கேட்டேன். அது நமது உரிமை. கிடைத்த பதில்: அனுமதிப்பத்திரம் காலாவதியாகிவிட்டது.

இரண்டாவது முறைப்பாட்டில் வாடை என்ற சொல்லே இல்லை. தொலுயீன், மாலை ஆறு முதல் ஒன்பது, காலாவதியான அனுமதிப்பத்திரம், இணைப்பாகக் கொப்பியின் பக்கங்கள். பதிவுத் தபாலில் அனுப்பினேன். இம்முறை மாலை ஏழு மணிக்கு வந்தார்கள். வந்த அதிகாரி வாசலிலேயே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

இப்போது அடைத்த அறைக்குள்தான் ஸ்ப்ரே செய்கிறார்கள். துணி வடிகட்டி வர்ணத் துளிகளை மட்டுமே பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது என்பதால் செயலூட்டிய கரி வடிகட்டியும் கேட்டு வாங்கினோம்.

அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டின் நச்சுக் காற்று மாசுப் பட்டியலிலேயே தொலுயீன் இருக்கிறது. 1-புரோமோபுரொப்பேன் என்ற இன்னொரு கரைப்பானை அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி 2010இல் கொடுத்த மனு 2022இல்தான் பலித்தது. பன்னிரண்டு ஆண்டுகள். தொலுயீனுக்கும் இங்கே வரம்பு கேட்டு நான் எழுதும் மனுவின் முதல் பக்கம் முடிந்துவிட்டது. கொப்பியையும் அதனுடன் இணைக்கிறேன்.