டாக்டர்களைச் சாட்சியம் சொல்லப் பழக்க வேண்டும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், லயத்துச் சண்டையில் அரிவாள் வெட்டு வாங்கியவரையும், வீட்டில் அடிபட்டு நள்ளிரவில் வரும் பெண்ணையும் முதலில் பார்ப்பவர் தடயவியல் நிபுணர் அல்லர். மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியிலிருக்கும் இளம் டாக்டரே. வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் அவர் சபாவுக்கோ சரவாக்குக்கோ மாற்றலாகியிருக்கக்கூடும். சாட்சி சொல்ல வரச்சொல்லும் நீதிமன்ற ஆணையான சப்பீனா அங்கே அவரைத் தேடிப் போகும்போது, நோயாளியின் முகம்கூட அவருக்கு நினைவில் இருக்காது. அன்றிரவு எழுதி வைத்த குறிப்பு ஒன்றுதான் அவருக்குத் துணை.

ஓய்வு பெற்ற பிறகும் இளம் டாக்டர்களோடு இது குறித்துப் பேசி வருகிறேன். கூண்டில் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்பதிலிருந்து பயிற்சியைத் தொடங்குவது சரியல்ல என்பதே என் உறுதியான கருத்து. காயத்தைப் பார்த்து எழுதும் அந்த நேரத்திலிருந்து அது தொடங்க வேண்டும்.

கூரிய ஆயுதத்தால் வெட்டுப்பட்ட காயத்தின் விளிம்பு நேராக இருக்கும். கட்டையால் அடித்துக் கிழிந்த காயத்தின் விளிம்போ பிசிறு பிசிறாக, நசுங்கியிருக்கும். காயத்தை விரித்துப் பார்த்தால் அறுபடாத திசு இழைகள் குறுக்கே ஓடுவதும் தெரியும். இவை இரண்டையுமே ‘லேசரேஷன்’ (கிழிகாயம்) என்று எழுதிவிட்டுத் தையல் போடுவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. சிகிச்சைக்கு அதனால் பெரிய குறை இல்லை. ஆனால் ஆபத்தான ஆயுதத்தால் காயம் விளைவிப்பதைப் பற்றிய, குற்றவியல் சட்டத்தின் 324ஆவது பிரிவின் கீழ் வழக்கு நடக்கும்போது, எதனால் காயம் உண்டாயிற்று என்பதே முக்கியக் கேள்வியாகிறது. அதேபோல், எலும்பு முறிந்திருந்தால் அது 320ஆவது பிரிவின்படி கொடுங்காயம். வீங்கிய கையை எக்ஸ்ரே எடுக்காமல் அனுப்பினால் குற்றச்சாட்டின் தன்மையே மாறிவிடலாம்.

நம் மக்களின் கருமையான தோலில் கன்றிப்போன இடம் எளிதில் கண்ணுக்குப் புலப்படாது என்பதையும் சொல்லித்தர வேண்டும். தொட்டுப் பார்த்து, வலியும் வீக்கமும் உள்ள இடத்தை அளந்து, அளவுகோலை வைத்துப் படமெடுக்க வேண்டும். கன்றலின் நிறத்தைக் கொண்டு காயம் இத்தனை நாள் பழையது என்று துல்லியமாகச் சொல்ல அறிவியல் இடங்கொடுப்பதில்லை. பாலியல் வன்முறை வழக்குகளில், உடலில் காயம் இல்லாததால் சம்பவமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இதைத் தயங்காமல் நீதிமன்றத்தில் விளக்கத் தெரியாத டாக்டரால் ஒரு பெண்ணுக்கு நேரும் அநீதி மிகப் பெரியது.

1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45ஆவது பிரிவு நிபுணரின் கருத்தை ஏற்கிறது. 159ஆவது பிரிவு, அன்று எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பிக்க அனுமதிக்கிறது. ஆனால் எதிர்த்தரப்பு கேட்டால் அந்தக் குறிப்பை அவர்களிடமும் காட்டியாக வேண்டும். ஆகவே, எழுதும்போதே அதை எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் படிப்பார் என்ற எண்ணம் இருக்க வேண்டும்.

குறுக்கு விசாரணைக்கு ஒத்திகை பார்த்தே ஆக வேண்டும். “டாக்டர், கீழே விழுந்தாலும் இந்தக் காயம் ஏற்படலாம்தானே?” என்று கேட்டால், சிலர் பிடிவாதமாக மறுப்பார்கள், சிலர் ‘ஆமாம்’ என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார்கள். “ஒரு காயத்தை மட்டும் பார்த்தால் ஏற்படலாம். ஆனால் இரண்டு முன்கைகளின் வெளிப்புறத்திலும் காயங்கள் இருந்தன, கையை உயர்த்தி அடியைத் தடுப்பவர்களிடம் இப்படிக் காணப்படுவதுண்டு” என்பதே பொறுப்பான விடை. சாட்சி சொல்ல அழைத்தது அரசுத் தரப்பாக இருந்தாலும் டாக்டர் கடமைப்பட்டிருப்பது நீதிமன்றத்துக்கே.

தன் துறையின் எல்லையைத் தாண்டினால் என்னவாகும் என்பதற்கு தன் இரண்டு குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட தாயான இங்கிலாந்தின் சாலி கிளார்க்கின் வழக்கை ஒவ்வொரு பயிற்சியிலும் படிக்க வைப்பேன். குழந்தை மருத்துவரான ராய் மெடோ, 1999இல், ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இயற்கையாகத் திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 7.3 கோடியில் ஒன்று என்று சாட்சியம் அளித்தார். 8,543இல் ஒன்று என்ற எண்ணை அதே எண்ணால் பெருக்கி வந்த கணக்கு அது. ஒரே குடும்பத்தில் இரு மரணங்களுக்கும் பொதுவான காரணம் இருக்கலாம் என்பதை அது கருதவே இல்லை. தாய்க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2003இல்தான் அது ரத்தானது. நான்கே ஆண்டுகளில் அவர் இறந்தும் போனார்.

ஆகவே பயிற்சி மருத்துவர்களின் ஒவ்வோர் அணியும் பணியில் சேர்ந்த சில மாதங்களுக்குள், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரின் முன்னிலையில், நீதிமன்றத்தில் புழங்கும் மலாய் மொழியிலேயே ஒத்திகைக்கு நிற்க வேண்டும். நோயாளியின் பெயரை மறைத்துவிட்டு, அவரவர் எழுதிய அறிக்கையையே அங்கே கேள்விக்கு உட்படுத்த வேண்டும்.