குக்கருக்குள் ஓக்கா

ஓக்கா ஆண்டீஸ் மலைக் கிழங்கு. நம் பூந்தொட்டியில் கேட்காமலே முளைக்கும் புளியாரைக்கு ஒன்றுவிட்ட அக்கா. அதே மூவிலை, அதே புளிப்பு. குளிர்மலைச் செடி மாம்பலத்து மொட்டை மாடியில் மே மாதத்தைத் தாண்டாது. அதனால் என்னுடையது பாட்டிலுக்குள், ஏசி அறையில் வாழ்கிறது. பெரு நாட்டு லிமாவிலுள்ள பன்னாட்டு உருளைக்கிழங்கு மையமும் ஓக்கா வகைகளைத் திசு வளர்ப்பில், அதாவது செடித் துண்டைக் கிருமியில்லாத பாத்திரத்தில் ஊட்டக் கூழில் வளர்த்து, பாதுகாக்கிறது. எனக்கு அதுவே தைரியம்.

கூழுக்கு, ஒரு லிட்டர் நீரில் முராஷிகே-ஸ்கூக் என்ற செடிச்சத்து உப்புக் கலவை, 30 கிராம் சர்க்கரை, உறைய வைக்க 7 கிராம் அகர். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.8. பிறகு கிருமி சாக குக்கரில் இருபது நிமிடம். "சாம்பார் வைக்கிற குக்கரில் இதென்ன கூத்து?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான்.

கணுவோடு ஒரு சென்டிமீட்டர் தண்டு. ஆல்கஹாலில் அரை நிமிடம், ப்ளீச் கரைசலில் பத்து நிமிடம், குக்கரில் சுத்திகரித்த நீரில் மூன்று அலசல், பிறகு பாட்டிலுக்குள் கூழில் நடவு. 12 பாட்டில்களில் 9-ல் நான்காம் நாளே பூஞ்சை: வெள்ளைப் பஞ்சு, நடுவே மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்பு. மின்விசிறியை அணைக்க மறந்தது நான்தான்.

மிஞ்சிய மூன்றில் ஒன்றில் நேற்று கடுகளவு மொட்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மூன்று இலைகளும் கைகூப்பியதுபோல் மடிந்திருந்தன.